காகம் கொண்டுபோன தோடு

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
வியாழக்கிழமை.

என்றும் அன்புக்குரிய மச்சாள் யோகமலருக்கு அத்தான் சோமசேகரம் எழுதிக்கொள்வது.

கோணேசர் கிருபையால் நாங்கள் இங்கு சுகம், அதுபோல் சுவிசில் உங்கள் சுகத்தையும் உங்கள் வீட்டுக்காரர், பிள்ளைகளின் சுகத்தையும் அறிய ஆவல் என்று எழுதத்தான் கை போனது. ‘நாங்கள்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. முப்பத்தாறு வருடப் பழக்கம், உடனே போகாது. ஆகவே திருத்தி எழுதுகிறேன். நான் சுகம்.

கையில் தொலைபேசி இருக்க இந்த மனிசன் ஏன் கடதாசியும் பேனாவுமாக இருக்கிறார் என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் வட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றைச் சரி அடையாளத்தோடு நிற்கிறது. மழைக்கு லைன் போய்விட்டது என்று நினைத்து மொட்டைமாடிக்கு ஏறி நின்றும் அனுப்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஹுஸ்னியா ரீச்சர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “அங்கிள், இது லைன் பிழை இல்ல. மச்சாள் உங்கள புளொக் பண்ணிட்டா” என்றா. தபாற்கந்தோரில் ஒருவரை ஒருவர் புளொக் பண்ண ஏலாது என்பதால்தான் இந்தக் கடிதம். வந்து சேர மூன்று கிழமை ஆகுமாம். அதற்குள் உங்கள் கோபம் ஆறியிருந்தால் வாசியுங்கள். ஆறாவிட்டாலும் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

உங்கள் கோபத்துக்குக் காரணம் இரண்டு. உங்கள் அக்கா, என் ராணியின் ஆண்டுத் திவசப் படையலில் தோடு கிடந்தது ஒன்று. அக்கா போன பிறகும் அவவின் பெயரில் நான் ஊர்ப் பெண்பிள்ளைகளோடு கதைத்துக்கொண்டிருந்தேன் என்பது மற்றது. இரண்டும் உண்மை. ஆனால் உண்மைக்கும் ஒரு தலை, வால் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாலை மட்டும்தான் பார்த்தீர்கள்.

அக்கா கடைசி ஐந்து வருடமாகச் செய்த களிமண் தோடுகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பெயர்தான் பொலிமர் களிமண், மண் ஒன்றும் இல்லை, பிசைந்தால் மெழுகு மாதிரி இளகுகிற ஒருவகைப் பிளாஸ்ரிக். அதை உருட்டி, வெட்டி, ரொட்டி சுடுகிற அளவுக்கு ஒரு சின்ன மின்சார அவன் அடுப்பில் அரை மணித்தியாலம் வைத்தால் இறுகிவிடும், காதுக்குப் பாரமும் இல்லை. பேஸ்புக்கில் ‘ராணி அன்ரியின் தோடுகள்’ என்று ஒரு பக்கமும் வைத்திருந்தா. நான் துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சின் அறையில் முப்பத்தொரு வருடம் நின்றவன். பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசை நிறைய றோஸ் நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் விளையாட்டுச் சாமான். “சின்னப்பிள்ளை வேலை” என்று சொன்னேன். அவ கோபிக்கவில்லை. “ஓம், கப்பல் இழுக்கிறதுதான் பெரியாக்களின்ர வேலை. அந்தக் கண்ணாடித் துண்டைக் கொஞ்சம் இஞ்சால தள்ளிவிடுங்கோ” என்றா. அப்படி எத்தனை தரம் சொல்லியிருப்பேன். இப்போது அதற்கு மன்னிப்புக் கேட்க ஆளில்லை, மச்சாள். அதுதான் பெரிய துக்கம்.

போன வருடம் ஒருநாள் காலையில் தேத்தண்ணி போட்டுத் தந்தவ மத்தியானம் இல்லை. உங்களுக்கு உடனே வரக் கிடைக்கவில்லை. அங்கிருந்து அழுதழுதே எல்லாவற்றுக்கும் கட்டளை போட்டீர்கள். அக்காவின் கண்ணீர் அஞ்சலிப் பதாகை ஊரெல்லாம் நிற்க வேண்டும், ஜிமிக்கி போட்ட படம்தான் வடிவு, ஆள் உயரத்துக்கு இருக்க வேண்டும் என்றீர்கள். நானும் கட்டினேன். எங்கள் சந்தியில் ஒன்று, பஸ் நிலையத்தில் ஒன்று, கோட்டையடியில் ஒன்று, உப்புவெளிச் சந்தியில் ஒன்று. கோட்டையடியில் கட்டியதை அங்கே திரிகிற மான் ஒன்று கொம்பால் கிழித்துவிட்டது என்று அப்போதே சொன்னேன், நீங்கள் மானையும் ஏசினீர்கள். எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவு முடியும் வரைக்கும் எனக்கு ஒரே வேலைதான். கிராம சேவகர், வங்கி, பென்சன் கந்தோர், பேப்பர்காரன், மீன்காரர் என்று ஒவ்வொருவருக்கும் “மனுசி காலமாகிவிட்டா” என்று சொல்வது. எனக்குத் தெரியாத ஒரு சங்கதியை நானே ஊருக்குச் சொல்லித் திரிந்த மாதிரித்தான் இருந்தது.

எட்டுக்கு அடுத்தநாள் காலை அலுமாரிக்குள் அக்காவின் போன் சத்தம் போட்டது. தேனுகா என்று உப்புவெளிப் பிள்ளை ஒன்று, முன்னர் ஒரு சோடி தோடு வாங்கியவ, அக்காவின் பேஸ்புக் பக்கத்துக்குச் செய்தி அனுப்பியிருந்தா. “அன்ரி, சுகமா?” அவ்வளவுதான். நான் ‘அன்ரி காலமாகி’ என்ற மட்டும் எழுதினேன். மேலே விரல் போகவில்லை. உலகத்தில் எல்லோரும் ராணி எப்படிச் செத்தா என்று கேட்கிறார்கள், ஒரே ஒரு பிள்ளைதான் ராணி சுகமா என்று கேட்கிறது. எழுதியதை அழித்துவிட்டு “சுகம் பிள்ளை” என்று அனுப்பினேன். இதுதான் நான் செய்த களவு. உப்புவெளியில் ஒருத்திக்காவது ராணி சாகவில்லை என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியது.

பொய் சொன்னால் அதற்குத் தோடும் செய்து கொடுக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும். அடுத்த கிழமை வேறொரு பிள்ளை பழைய மாதிரியில் நித்தியகல்யாணித் தோடு கேட்டது. நல்லகாலம், அந்தப் பூவை அக்கா முன்னரே செய்துவைத்திருந்தா. பூவின் இதழ், நடுப்பொட்டு எல்லாம் நீட்டு நீட்டாக உருட்டி ஒன்றாக இறுக்கி, ஒரு முழ நீளத்தில் குழல் மாதிரி ஒன்று. அதை எந்த இடத்தில் வெட்டினாலும் உள்ளே அதே பூத்தான் இருக்கும். வெட்டி எடுத்த துண்டை அவனில் வைத்தால் சரி. இவ்வளவுதானே என்று நானும் இறங்கினேன். மூக்குக்கண்ணாடி போடாமல் நூற்றிமுப்பது டிகிரியில் வைக்க வேண்டியதை இருநூற்றிமுப்பதில் வைத்துவிட்டு, முற்றத்தில் பூக்கண்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். கறுத்த புகை ஒன்று குசினி யன்னலால் வந்தது. எஞ்சின் அறையில் அப்படி ஒரு நாற்றத்தை நான் காணவில்லை. ஹுஸ்னியா ரீச்சர் காஸ் சிலிண்டர் என்று நினைத்து, பாதி உடுப்பு ஊறப்போட்ட வாளியோடு மதிலால் எட்டி ஊற்றினா. யன்னலடிக்கு ஓடிவந்து நின்றது நான். ரீச்சரின் பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து மேசு ஒன்று என் தோளில் கிடந்தது.

அந்தக் காலுறையைக் கொடுக்கப் போன இடத்தில் ரீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். அவ அதைக் கொடியில் காயப்போட்டா. பிறகு, “அங்கிள், நீங்க செய்றது சரியெண்டு நான் சொல்ல மாட்டன். ஆனா நூத்திமுப்பதுல வைங்க” என்றா. அன்றிலிருந்து அவதான் எனக்கு ஆலோசகர். பிள்ளைகள் எதையெல்லாம் கேட்குதுகள் என்று உங்களுக்குத் தெரியாது. மாம்பழ நிறச் சேலைக்கு எந்தத் தோடு எடுக்கும், வட்ட முகத்துக்கு நீட்டுத் தோடு பொருந்துமா. எனக்குச் சேலையில் தெரிந்த நிறம் இரண்டு, வெளிச்சம், இருட்டு. ஒவ்வொரு கேள்விக்கும் மதிலடிக்கு ஓடுவேன். ஒருத்தி மாமியாரோடு சண்டை என்று எழுதினா. இரண்டு பக்கத்து எஞ்சினும் ஒரே நேரத்தில் இழுத்தால் கயிறுதான் அறும், ஒருவர் நிற்பாட்ட வேண்டும் என்று எழுதினேன். அன்ரிக்கு எஞ்சின் எல்லாம் தெரியுமோ என்று கேட்டா. வீட்டுக்காரர் சொல்லுவார் என்று சமாளித்தேன். செத்தவளின் பெயரில் பெண்பிள்ளைகளோடு கதைத்தேன் என்றீர்களே மச்சாள், கதைத்த கதை இவ்வளவும்தான்.

தேனுகாதான் விடாமல் எழுதினவ. கிழமைக்கு இரண்டு தரமாவது வரும். அவவுக்குத் தாய் இல்லை. வயிற்று நோவென்றால் அன்ரி, பருப்பு அடிப்பிடித்தால் அன்ரி, பெண் பார்க்க வந்தால் அன்ரி. வயிற்று நோவுக்கு வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொன்னேன், அக்கா எனக்குச் சொல்வது அதுதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உங்களுக்குப் புதிதில்லை. அக்காவுக்கு ஒரு மகள் பிறந்து, அவ செத்த பிறகு வளருகிற மாதிரி இருந்தது. அக்காவுக்கு அந்தச் சந்தோஷம் கிடைக்கவில்லை, அவவின் பெயரில் நான் அனுபவிக்கிறேன். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

குழல் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு ஓடருக்கும் இரண்டு துண்டு. முழம் சாணாகி, சாண் நாலு விரலாகி, போன மாதம் பெருவிரல் அளவு மிஞ்சியது. அதில் வெட்டினால் இன்னும் இரண்டே இரண்டு பூ. அந்த நேரம் பார்த்துத் தேனுகாவுக்குக் கலியாணம் சரிவந்தது. “அன்ரி, எனக்கு நித்தியகல்யாணித் தோடுதான் வேணும். வாற மாசம் முதல் சனிக்கிழமை நானே வந்து எடுக்கிறன். கலியாணத்தண்டு நீங்கதான் வந்து போட்டுவிடோணும், எனக்கு வேற ஆரும் இல்லை” என்று எழுதினா. வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்தவன் மத்தியானம்தான் எழும்பினேன். வீட்டுக்கு வந்தால் கூடத்தில் மாலை போட்ட படம். மாலையைக் கழற்றினாலும் படத்தில் இருக்கிறவ எழும்பி வந்து தேத்தண்ணி கொடுக்கப் போவதில்லை. ஒரு தரம் ராணியைக் காப்பாற்ற என்னால் ஏலவில்லை. இப்போது ஒரு பிள்ளைக்கு முன்னால் என் வாயாலேயே அவவைச் சாகடிக்க வேண்டும்.

கடைசி இரண்டு பூவையும் திவசத்தன்று விடிய அவனில் வைத்தேன். வேறு நாள் கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள், அன்றைக்குக் கைக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. நல்ல பதத்தில் வந்தது. வார்னிஷ் பூசி ஆறட்டும் என்று குசினியில் ஒரு பீங்கான் தட்டில் வைத்துவிட்டு ஐயரைக் கூப்பிடப் போனேன். சமைக்க வந்த பெண்கள் மினுங்குகிற அந்த றோஸ் பூவைப் பார்த்தார்கள். இந்த வீட்டில் மினுங்குகிற எந்தச் சொக்லேட்டும் சுவிசிலிருந்துதான் வரும் என்பது முப்பது வருடமாக எல்லோருக்கும் தெரிந்த விசயம். யோகமலர் தமக்கைக்கு அனுப்பின சொக்கா என்று முடிவுகட்டி, படையலில் வடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். படையலில் உள்ள ஒவ்வொன்றிலும் கொஞ்சம் காகத்துக்கு எடுக்கிற வழக்கப்படி ஒரு தோடு காகத்தின் இலைக்கும் போனது. குழை சாதம், பருப்பு, கத்தரிக்காய், வடை, தோடு.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் ஊறுகாய்ப் போத்தலில் சாத்திவைத்த போனில் பார்த்தீர்கள். இருபது பேர் மதிலடியில் நின்று கா கா என்று கூப்பிட்டோம். காகம் வந்து இருந்தது, சோற்றைப் பார்க்கவில்லை. ஆத்துமாவுக்கு ஏதோ குறை என்று ஒருவர் சொன்னார். அவரவர் தங்களுக்குத் தெரிந்த குறையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார்கள். பத்து வருடத்துக்கு முன்னர் வாங்கிய இடியப்பத் தட்டைத் திருப்பித் தராத கதையெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. காகம் எல்லாவற்றையும் கேட்டது. பிறகு தலையைச் சரித்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தோட்டைக் கவ்விக்கொண்டு துறைமுகப் பக்கமாகப் பறந்துவிட்டது. அக்கா வந்து சொக்கா எடுத்துக்கொண்டு போகிறா என்று பெண்கள் அழுதார்கள். நீங்களும் அழுதீர்கள். நான் மட்டும், “ஐயோ, அது ஓடர்” என்று கத்திவிட்டேன். அதே நேரம் காகம் எடுத்துவிட்டது, இனி நாங்கள் சாப்பிடலாம் என்று உங்கள் பாக்கியரத்தினம் சித்தப்பா மற்றத் தோட்டை வாயில் போட்டுக் கடித்தார். கட்டுப்பல் கழன்று இலையில் விழுந்தது. அதை எடுத்துத் துடைத்துக்கொண்டே போனைப் பார்த்து, “பிள்ளை யோகம், உங்கட ஊர்ச் சொக்கா வலு இறுக்கம்” என்றார். நீங்கள் ஆருடைய ஓடர் என்று கேட்டீர்கள். இருபது பேருக்கு முன்னால் நான் சொன்னேன். “செத்தவளின்ர பேரில பொம்பிளைப் பிள்ளையளோட கதையோ” என்றீர்கள், திரை கறுத்துப்போனது.

காகத்துக்கு மினுங்குகிற சாமான் பிடிக்கும், அவ்வளவுதான் என்று ஹுஸ்னியா ரீச்சர் சொல்கிறா. ரீச்சர் படிப்பிக்கிறவ, சரியாகத்தான் இருக்கும். ஆனால் அக்காவும் அப்படித்தான், சரிவராத வேலையைக் கண்டால் வாயால் சொல்ல மாட்டா, எடுத்துக்கொண்டு போய்விடுவா. அக்கா இரண்டு பூச்சு வார்னிஷ் பூசுகிற இடத்தில் நான் ஒரு பூச்சுத்தான் பூசினேன்.

நேற்று நானே ஒரு குழல் செய்து பார்த்தேன். ஐந்து இதழ், நடுவில் பொட்டு, அக்கா செய்கிற மாதிரியே அடுக்கி இறுக்கினேன். வெட்டிப் பார்த்தால் நண்டு. திருப்பி வெட்டினேன், அதே நண்டு. ஒரு முழ நீளத்துக்கு என்னிடம் நண்டு இருக்கிறது. நண்டைக் காதில் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை மணவறையில் இருக்க ஏலாது.

ஆகவே மச்சாள், முடிவெடுத்துவிட்டேன். நாளை மறுநாள் தேனுகா வந்ததும் வாசலிலேயே உண்மையைச் சொல்வேன். படத்தில் மாலை இருக்கட்டும். பக்கத்தை மூடிவிடுவேன். மிச்சக் களிமண்ணை ரீச்சரின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பேன், அவன் அடுப்பை ரீச்சரே எடுத்துக்கொள்ளட்டும். இனிமேல் அக்காவின் பெயரில் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன். இது கோணேசர் மேல் சத்தியம். உங்கள் அக்காவை நான் விற்கவில்லை. விட ஏலாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அதை மட்டும் நம்புங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு என் அன்பு. பிள்ளைகள் படித்து முன்னுக்கு வரட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள், அக்கா எப்போதும் கடைசியில் எழுதச் சொல்வது இதைத்தான்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்
சி. சோமசேகரம்

பி.கு.: இன்று சனிக்கிழமை பின்னேரம். நேற்றுப் பௌர்ணமிப் போயா விடுமுறை, தபாற்கந்தோர் பூட்டு, அதனால் கடிதம் இன்னும் என் கையில்தான். மேலே முடிவென்று எழுதியதில் ஒன்றும் நடக்கவில்லை.

பத்து மணிபோல் தேனுகா குடையோடு வந்தா. நான் வாசல் படலையிலேயே சொல்லத் தொடங்க வாயைத் திறந்தேன். அவ அன்ரி எங்கே என்று கேட்கவில்லை. நேராகக் கூடத்துக்குப் போய்ப் படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றா. “இந்தப் படம்தான் அங்கிள் எங்கட சந்தியில கட்டியிருந்தது” என்றா. ஊரெல்லாம் ஆள் உயரத்துக்குப் பதாகை கட்டினவன் நான். கட்டிவிட்டு, அவ செத்ததைப் போனில் ஒளித்துவைத்தவனும் நான். ஒரு வருடமாக இந்த இரண்டும் என் மண்டைக்குள் சந்திக்கவே இல்லை.

“அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியுமோ பிள்ளை?”

“ஓம். அதைப் பாத்திட்டுத்தான் அண்டைக்குச் சுகமா எண்டு எழுதினனான். வீட்டாக்கள் ஆரும் விசயத்தைச் சொல்லுவினம், ரெண்டு வார்த்தை ஆறுதலா எழுதுவம் எண்டு. ‘சுகம் பிள்ளை’ எண்டு வந்திது. நல்லாப் பயந்து போனன். பிறகு வெந்தயம் குடிக்கச் சொன்னீங்கள். ஆவி வெந்தயம் சொல்லாது எண்டு விளங்கிச்சுது.”

“பிறகும் ஏன் பிள்ளை எழுதினனீங்கள்?”

குடையை மடித்துச் சுவரில் சாத்தினா. “அம்மா செத்திட்டா எண்டு எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கும் களைச்சுப் போச்சு அங்கிள். சுகம் எண்டு ஆரும் ஒராள் எழுதினா நல்லாத்தானே இருக்கு.”

தோடு வைத்திருந்த சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினேன். அன்ரியின் கடைசிப் பூ ஒன்று, பின்பக்கத்தில் சித்தப்பாவின் பல் அடையாளம். மற்றது நான் செய்தது, பூ என்றுதான் தொடங்கினேன் என்றேன். பிள்ளை சிரிக்கத் தொடங்கி, சிரித்தபடியே அழுதது. பிறகு வலக்காதில் பூவையும் இடக்காதில் நண்டையும் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஏலாது பிள்ளை, சனம் சிரிக்கும் என்றேன். “ரெண்டு காதையும் ஒரே நேரத்தில ஆர் அங்கிள் பாக்கப் போகினம்?” என்றா. கலியாணத்துக்கு நான்தான் வந்து போட்டுவிட வேண்டுமாம்.

போய் அரை மணித்தியாலத்தில் அக்காவின் போன் சத்தம் போட்டது. பஸ்ஸிலிருந்து எழுதியிருந்தா. “அன்ரி, இண்டைக்கு உங்கட வீட்டுக்காரரைக் கண்டனான். நல்ல மனிசன். மெலிஞ்சு போனார். சாப்பாட்டைக் கொஞ்சம் பாருங்கோ.”

“பாக்கிறன் பிள்ளை” என்று பதில் போட்டேன். சத்தியத்தைக் கோணேசர் பொறுப்பார்.

மச்சாள், பக்கத்தை மூடவில்லை. என் புளொக்கை எடுக்கச் சொல்லி உங்களிடம் கேட்கவும் மாட்டேன். ஆனால் அக்காவின் பக்கத்தை நீங்கள் புளொக் பண்ணவில்லை, இன்னும் லைக் போட்டபடியே வைத்திருக்கிறீர்கள் என்று ரீச்சர் பார்த்துச் சொன்னா. மனம் வந்தால் அங்கே ‘அக்கா, சுகமா?’ என்று ஒரு வரி எழுதுங்கள்.

பதில் வரும்.